மூன்று சென்ரிமீற்றர்

மார்க்டேல், ஒன்ராறியோ
மாசி 9

அன்பு மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு அடுத்த வாரம் கிடைத்தது. அப்பாவின் கராஜை மூடி இடத்தை வாடகைக்கு விடப்போவதாக எழுதியிருந்தாய். அதை வாசித்த அன்று நான் என் காருக்கடியில் முதுகில் கிடந்தேன். ஸ்பானர் பிடிக்க நான் கற்றது அந்த எண்ணெய் ஊறிய மண் தரையில்தான். அதனால் இந்தக் கதையை உனக்குத்தான் எழுதவேண்டும்.

ரொறன்ரோவை விட்டு வந்து இது இரண்டாவது பனிக்காலம். மேற்கே ஹியூரன் ஏரி, வடக்கே ஜோர்ஜியன் விரிகுடா. ஏரி உறையாமல் இருக்கும்வரை அதன்மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிவந்து எங்கள் மேட்டில் பனியாகக் கொட்டிவிடும். பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் வெயில் எறிக்கும், இங்கே முன்னால் போகும் லொறியின் பின்விளக்குத் தெரியாது. நெடுஞ்சாலை 10 ஐப் பொலிஸ் மூடிவிடும் நாட்களும் உண்டு. எங்கள் வீடு அதற்கும் உள்ளே, ஒரு கிரவல் வீதியில்.

மார்கழிக் கடைசியில் ஓர் இரவு. உன் தங்கச்சி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து பதினொரு மணிக்கு வந்தாள். பனி வாரும் லொறி வீதியைத் துப்புரவாக்கும்போது எங்கள் வாசலுக்குக் குறுக்கே ஒரு வரப்பை விட்டுப்போகும். பார்த்தால் வயல் வரப்புப் போல, ஆனால் அரை மணித்தியாலத்தில் கல்லாய் இறுகிவிடும். ஏறிக் கடக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். காரின் வயிறு வரப்பில் குந்திவிட்டது. நான்கும் புதிய குளிர்கால ரயர்கள். சில்லில் பாரம் விழாவிட்டால் எந்த ரயர் பிடிக்கும்? சும்மா சுழன்றன. மறை 18 பாகைக் குளிரில் வேலைச் சப்பாத்தோடு நடந்து வந்து கதவைத் தட்டினாள். காரைக் கிண்டியெடுக்க எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அவள் கோபப்படவில்லை. "நாளைக்கும் இதே வழிதானே" என்று மட்டும் கேட்டாள்.

பெரிய வண்டி வாங்கச் சொல்லாதவர்கள் இங்கே இல்லை. கடன் வாங்கிப் பெற்றோல் குடிக்கும் வண்டியை ஓட்ட எனக்கு மனமில்லை. எங்களுடையது பழைய ரொயோட்டா யாரிஸ். அளந்து பார்த்தேன், தரைக்கும் வயிற்றுக்கும் இடையே 14 சென்ரிமீற்றர். முதலில் உயரமான ரயரை யோசித்தேன். 185 மில்லிமீற்றர் அகல ரயரில் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 60 சதவீதம், அதுதான் 185/60. அதற்குப் பதில் 185/65 போட்டால் விட்டம் 18 மில்லிமீற்றர் கூடும், கார் உயர்வதோ அதில் பாதி, 9 மில்லிமீற்றர். வேகமானியும் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும். அதை விட்டுவிட்டேன்.

பிறகுதான் இடைத்துண்டு. முன் சில்லைத் தாங்கும் வில்லும் அதிர்வுதாங்கியும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் தலைக்கும் காரின் உடலுக்கும் நடுவில் ஒரு தடித்த துண்டு, பின்பக்கம் சுருள்வில்லின் மேல் ஒன்று. ஐந்து சென்ரிமீற்றரும் விற்கிறார்கள். நான் மூன்றுக்கு மேல் போகவில்லை. விறகு ஏற்றுவதற்காகப் பழைய ஒஸ்ரின் ஏ 40 காரின் பின் வில்லுக்கு மூன்று தகடு கூட்டச் சொல்லி வந்தவரை அப்பா ஒரு தகட்டோடு அனுப்பிய நாள் ஞாபகமா? அந்த மனுஷன் திட்டிக்கொண்டே போனார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை, என் காரைத் தூக்கப்போனபோதுதான் விளங்கியது. காரின் உடல் மேலே போகும்போது முன் சில்லைச் சுழற்றும் தண்டு கூடிய சரிவில் நிற்கிறது, அதன் மூட்டும் ரப்பர் உறையும் சீக்கிரம் தேயும். பிரேக் குழாய் இழுபடும். வளைவில் கார் கூடச் சாயும். மூன்று சென்ரிமீற்றரில் இவையெல்லாம் தாங்கக்கூடிய அளவில் இருக்கின்றன, அதற்குமேல் எனக்குத் துணிவில்லை.

வேலை ஒரு நாள் என்று நினைத்தேன், மூன்று நாள் போயிற்று. பனி உருக இங்கே நெடுஞ்சாலைகளில் உப்புக் கொட்டுவார்கள். பதினைந்து வருட உப்புத் தின்ற போல்ட்டுகள் இரும்போடு இரும்பாய் ஒட்டிவிட்டன. பின்பக்கத்து ஒன்றுக்கு மட்டும் ஒரு பகல் முழுவதும் எண்ணெய் விட்டு, சூடாக்கி, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டேன். முன்பக்கத்தில் வைப்பருக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால்தான் ஸ்ட்ரட்டின் தலையே தெரியும். சுருள்வில்லைப் பிரிக்கத் தேவைப்படவில்லை, அது பெரிய நிம்மதி. அழுத்தி வைத்த வில் கைதவறினால் என்ன செய்யும் என்று அந்தக் கராஜில் நாம் இருவரும் கண்டவர்கள்.

முடித்து ஓட்டினேன். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தது, சில்லுகளை நேராக்கும் வீல் அலைன்மென்ட் செய்ததும் சரியாயிற்று. முன்பக்கம் சற்றுக் கூட நிமிர்ந்ததால் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் விளக்கை அடித்துக் காட்டின. அன்றிரவே களஞ்சியச் சுவரில் வெளிச்சத்தை அடித்து, அதைப் பழைய உயரத்துக்கு இறக்கினேன். ஒரு குறை இன்னும் இருக்கிறது. பின் அதிர்வுதாங்கி பழைய நீளம்தான், அலை அலையான கிரவலில் சில்லு கீழே இறங்கும்போது அது முழுநீளத்துக்கு இழுபட்டு 'டக்' என்கிறது. நீளமானது வாங்கவேண்டும். காப்புறுதிக்காரருக்கும் எழுதித் தெரிவித்துவிட்டேன்.

போன வாரம் இரண்டு தரம் அதே வரப்பு. உன் தங்கச்சி நிற்காமல் ஏறி வந்தாள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் பனிக்கட்டியில் இந்த உயரத்தால் ஒரு பலனும் இல்லை, அங்கே ரயரும் அவளுடைய நிதானமும்தான்.

பங்குனிக் கடைசியில் நிலம் இளகும். அப்போது இந்த வீதி சேறாகிச் சில்லுத்தடங்கள் பள்ளமாகும், கனமான லொறிகளுக்குப் பாதிப் பாரம்தான் அனுமதி. கார் எப்படித் தாங்குகிறது என்று பார்த்து எழுதுகிறேன். இடத்தை வாடகைக்கு விடு, அதில் தவறில்லை. அப்பாவின் ஸ்பானர் பெட்டியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. ஆடியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறோம், அந்த முக்கால் அங்குலச் சாவி எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்