கூடம் கோணலாகவும் இருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுவயதில் இசைக்கருவி கற்கத் தொடங்குபவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கையில் இருக்கும் கருவியைக் குறைசொல்லிவிட்டு உயர்ந்த கருவிக்கு ஆசைப்படுபவர்களைக் குறித்து எழுதுகையில், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்ற பழமொழியைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருந்தார். வேறு கருவிகளுக்கு அது பொருந்துமோ என்னவோ, பதினோரு ஆண்டுகளாக நான் வாசித்துவரும் கன்சர்டினாவைப் பொறுத்தவரை கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதுண்டு. அது தெரியாமல் தம் விரல்களையே நொந்துகொண்டு பயிற்சியைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கன்சர்டினா இரு கைகளுக்குள் அடங்கும், பெரும்பாலும் அறுகோண வடிவிலான, துருத்தி வைத்த பெட்டி. ஆர்மோனியத்தைப் போலவே இதிலும் காற்று பட்டு உலோக நாக்குகள் அதிர்வதால் ஒலி பிறக்கிறது. சார்லஸ் வீட்ஸ்டன் 1844இல் காப்புரிமை பெற்ற ஆங்கில வகையில், துருத்தியை இழுத்தாலும் அமுக்கினாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம்தான். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஊலிக் 1834இல் உருவாக்கிய கருவியின் வழிவந்த ஆங்கிலோ வகையிலோ, ஒரே பொத்தான் இழுக்கும்போது ஒரு சுரத்தையும் அமுக்கும்போது இன்னொரு சுரத்தையும் தருகிறது. 30 பொத்தான்கள் கொண்ட ஆங்கிலோவில் ஆக 60 நாக்குகள். துருத்தி திசை மாறும் அந்த நொடியில்தான் இக்கருவியின் தாளமும் உயிரும் இருப்பதால், ஒரு நாக்கு சற்றே தாமதித்துப் பேசினாலும் பாட்டின் நடை தடுமாறிவிடும்.

இரண்டாம் ஆண்டில் எனக்கு நேர்ந்தது இதுதான். விரைவான ஒரு நடனப் பாட்டில், இடக்கையின் கீழ்ச்சுரம் ஒன்று வரவேண்டிய இடத்தில் முதலில் காற்று மட்டும் சீறும். சுரம் எழுவதற்குள் அடுத்த சுரத்தின் முறை வந்துவிடும். மெதுவாக வாசித்துப் பார்த்தேன், விரல் மாற்றிப் பார்த்தேன், நான்கு மாதம் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு ஒரு நண்பர் தம்முடைய கைவேலைக் கருவியை அரை மணி நேரம் என்னிடம் தந்தார். அதே வரி, அதே விரல்கள். பொத்தானைத் தொட்டதும், துருத்தியை நான் அமுக்கினேன் என்று சொல்லக்கூட முடியாத அளவு சிறு அசைவுக்கே, அந்தக் கீழ்ச்சுரம் மெல்லிய நூல்போல எழுந்து நின்றது. பொத்தான்களின் டக் டக் என்ற ஓசையும் இல்லை. நான்கு மாதம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

இந்த வேறுபாடு வெறும் அழகு வேலைப்பாட்டால் வருவதன்று. விலையைக் குறைப்பதற்காகத் தொடக்கநிலைக் கருவிகளில் அக்கார்டியனுக்குரிய நாக்குகளைப் பொருத்துகிறார்கள். பெட்டியும் பெரிதாகவும் கனமாகவும் அமைந்துவிடுகிறது. மரபுவழிக் கைவேலையில் ஒவ்வொரு எஃகு நாக்கையும் தனித்தனிப் பித்தளைச் சட்டத்தில் பொருத்தி, மரப்பலகையில் ஆப்பு வடிவில் செதுக்கிய பள்ளத்தில் செருகி, ஒவ்வொன்றுக்கும் தனி அறை அமைக்கிறார்கள். நாக்கின் நுனியை அரத்தால் ராவினால் சுருதி ஏறும், அடியை ராவினால் இறங்கும். அறுபதையும் இப்படிக் காதால் கேட்டுக் கேட்டுக் கையால் சரிசெய்ய வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே, அக்கார்டியன் நாக்குகளையே வைத்துக்கொண்டு துருத்தியையும் பொத்தான் அமைப்பையும் நேர்த்தியாகச் செய்த கலப்பு வகை ஒன்றும் உண்டு. அதைச் சிலர் தாழ்வாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. பலருக்கு அதற்குமேல் தேவையே இராது.

தொடக்கநிலைக் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலமா, ஆங்கிலோவா, இடக்கைக்குக் கீழ்ச்சுரங்களும் வலக்கைக்கு மேல்சுரங்களும் என்று பிரித்துவைத்த டூயட் வகையா, எது தமக்கு இசைகிறது என்று கண்டறிய அதைவிட நல்ல வழி இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது ஏறக்குறைய புதிதாகக் கற்பதற்குச் சமம். ஆனால் நிதானமாக வாசிக்கும்போது பிழையின்றி வரும் பாட்டு, வேகம் கூட்டினால் எப்போதும் அதே பொத்தானில் தடுக்குகிறது என்றால், பழியை விரலின்மேல் போடுவதற்குமுன் இன்னொரு கருவியில் வாசித்துப் பார்க்க வேண்டும்.

வாங்கப் போகிறவர், பொத்தான் எதையும் அமுக்காமல் கருவியின் ஒரு முனையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்க்கட்டும். நல்ல துருத்தி தயங்கித் தயங்கியே விரியும். கசியும் துருத்தி சரசரவென்று இறங்கிவிடும். ஒவ்வொரு பொத்தானையும் இரு திசைகளிலும், இயன்றவரை மெல்லிய ஒலியில் வாசித்துக் கேட்பது அதைவிட முக்கியம். உரக்க வாசித்தால் எந்தக் கருவியும் தன் குறையை மறைத்துக்கொள்ளும். பழைய கருவியானால் நாக்குகள் எஃகா பித்தளையா என்றும், சுருதி இன்றைய பொது அளவில் (மேற்கத்திய 'A' சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வுகள்) இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பல பழங்கருவிகள் அதைவிட உயர்ந்த சுருதியில் செய்யப்பட்டவை. ஆங்கிலோவில் வீட்ஸ்டன் முறை, ஜெஃப்ரீஸ் முறை என்று பொத்தான் அடுக்கு வேறுபடுவதால், விரல் எதற்குப் பழகியிருக்கிறதோ அதையே நாடுவது நல்லது.

கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. மரபுவழியில் கன்சர்டினா செய்பவர்கள் உலகிலேயே மிகச் சிலர். பெயர்பெற்ற ஒருவரிடம் இன்று பதிவுசெய்தால் கருவி கைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். "முழுத் தேர்ச்சி வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இருப்பவர், தேர்ச்சி வந்த பிறகும் அந்தச் சீறும் பெட்டியோடுதான் பல ஆண்டுகளைக் கழிக்க நேரும். ஐயம் எழுந்த நாளிலேயே பதிவுசெய்துவிட்டு, காத்திருக்கும் காலத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வதே முறை.

என்னுடைய பழைய பெட்டி இப்போது கற்கத் தொடங்கியிருக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. அதன் இடக்கைக் கீழ்ச்சுரம் தாமதித்துத்தான் பேசும் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
கன்சர்டினா வாசிக்கும் வாசகர் ஒருவர்