ஒரு ரத்த மாதிரியோடு மாணவர்களை நடக்க விடுங்கள்

தேசிய மருத்துவ ஆணையத்தின் இளநிலை மருத்துவக் கல்வி வாரியத்தாருக்கு,

வணக்கம். பொது மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த வார்டில், சிறுநீரகம் பழுதான ஒரு பெரியவர் இருந்தார். காலை 9 மணிக்கு அவருக்கு ரத்தம் எடுத்தார்கள். இரண்டு வார்டுக்கும் ஒரே ஊழியர். எல்லோருடைய மாதிரியும் சேர்ந்த பிறகுதான் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டடத்து லேபுக்கு நடப்பார். அன்று பதினொன்றரை ஆகிவிட்டது. பொட்டாசியம் 6.9; இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அளவு. ஆனால் ரத்தம் வெகுநேரம் குழாயில் கிடந்தாலும் செல்களிலிருந்து கசிந்து பொட்டாசியம் கூடிக் காட்டும். அதனால் ‘மறு மாதிரி அனுப்பவும்’ என்று எழுதி, ரிப்போர்ட்டை அடுக்கில் வைத்துவிட்டார்கள். போன் செய்து சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. 4 மணிக்கு ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர், போய் அடுக்கைப் புரட்டி அந்தத் தாளை எடுத்தபோது, பெரியவரின் இதயம் நின்று அரை மணி நேரம் ஆகியிருந்தது.

இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: “யாருடைய டியூட்டி?” ஹவுஸ் சர்ஜனாக இருந்த அந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுத்தார்கள். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த வாரமும் அதே ஊழியர், அதே தட்டு, அதே பதினொன்றரை.

தாமதமாவதால் முடிவை நம்ப முடியவில்லை. நம்ப முடியாததால் மறு மாதிரி கேட்கிறார்கள். மறு மாதிரிகளால் லேபில் வேலை குவிகிறது, தாமதம் இன்னும் கூடுகிறது. தைராய்டு சுரப்பியை மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று முதலாண்டிலேயே அம்புக்குறி போட்டு வரைகிற பிள்ளைகள் இவர்கள். விளைவு திரும்பிவந்து காரணத்தையே மாற்றுகிற அது போன்ற சுற்று மருத்துவமனைக்குள்ளும் ஓடுகிறது என்று நாம்தான் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

முழு அமைப்பையும் பார்த்தால் என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. காசநோய்க்கு மாத்திரை இலவசம்தான்; ஆனாலும் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே பலர் இறந்துகொண்டிருந்தார்கள். 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ வந்தது. நோய் உறுதியானதுமே சுகாதார ஊழியர் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்: உடல் எடை மிகக் குறைந்துவிட்டதா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. ஆபத்தில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் உடனே மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்கிறார்கள். புது மருந்து எதுவும் வரவில்லை. கண்டறிவதற்கும் படுக்கைக்கும் நடுவே இருந்த இடைவெளியைத்தான் பார்த்தார்கள். எனக்கு இது எந்தப் புது மருந்துக்கும் குறைந்த சாதனையாகத் தெரியவில்லை.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன? புதிய பாடநூல் வேண்டாம்; பாரம் ஏற்கெனவே அதிகம். 2019இல், உங்களுக்கு முன்பிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்புறம் நீங்கள், மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்த்துவரும் திட்டத்தையும் சேர்த்தீர்கள். அதே போல, மூன்றாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு ரத்த மாதிரியோடு நடக்கட்டும். ஊசி குத்தும் நிமிடத்திலிருந்து, அந்த முடிவைப் பார்த்து ஒரு மருத்துவர் ஏதாவது செய்யும் நிமிடம் வரை. எங்கே நின்றது, எவ்வளவு நேரம், ஏன் என்று லாக் புக்கில் எழுதட்டும். ஊழியரோடு தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், பின்னாளில் இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் “யார்?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

தேர்வில் வந்தால்தான் எதையும் படிப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் இறுதியாண்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதற்கு மதிப்பெண் வையுங்கள். அந்த வைவாவில் தேர்வாளர் பக்கத்தில் ஒரு செவிலியரும் ஒரு லேப் டெக்னீஷியனும் உட்கார இடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு மருத்துவ ஆசிரியர்