பள்ளி பெற்றோரிடம் பேசட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் கைபேசியே கதியென்று கிடப்பதற்குப் பெற்றோர் கொடுக்கும் செல்லமே காரணம் என்று கோவை வாசகர் ஒருவர் தங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை, பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் இரண்டு பிள்ளைகளைத் தமிழ்வழியில் படிக்க வைக்கும் தாய் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

என்னைக் கட்டுப்பெட்டி என்று சொந்தக்காரர்களே சொல்வதுண்டு, நான் மறுப்பதில்லை. விளக்கு வைத்த பிறகு பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும், இரவுச் சாப்பாட்டைக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பெரியவர்கள் கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பவள் நான். அதற்காகப் பெண்பிள்ளைக்குப் பத்தாவது போதும் என்று நினைக்கும் வீடு எங்களுடையது அல்ல. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் என் மகள் நாளை வேலந்தாவளம் வழியே பேருந்து ஏறிக் கோவையில் போய்ப் பட்டப்படிப்புப் படிக்க வேண்டும் என்பதில் என்னைவிட என் மாமியாருக்குத்தான் பிடிவாதம் அதிகம். பழைய பழக்கத்தை விடாதவர்கள் எல்லாம் படிப்புக்கு எதிரிகள் என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து பார்த்துவிட்டு எழுதலாம்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கென்று தனிக் கைபேசி கிடையாது. ஆனால் கைபேசி இல்லாமல் வீட்டுப்பாடமும் கிடையாது என்ற நிலை வந்துவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கான 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியதை ஒட்டித்தான் எங்கள் பகுதியில் வகுப்புக்கொரு வாட்சப் குழு முளைத்தது. அன்று வேறு வழியில்லை. ஆசிரியர்கள் பட்ட பாட்டை நானும் பார்த்தேன். பள்ளி திறந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் குழு கலையவில்லை என்பதுதான் என் குறை. இரவு எட்டு மணிக்கு மேல், கையால் எழுதிய பாடக்குறிப்பைச் சாய்வாகப் படம்பிடித்து அனுப்புகிறார்கள். என் மகள் அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு வரி பார்ப்பதும் ஒரு வரி எழுதுவதுமாக மூன்று பக்கத்தை நோட்டில் இறக்குகிறாள். அதற்குள் திரையின் மேலே யாரோ அனுப்பிய செய்தி எட்டிப் பார்க்கிறது. அதைத் தொட்டால் ஒரு ரீல், அதன் அடியில் இன்னொன்று. வளர்ந்த மனிதர்களுக்கே அடங்காத விரலைப் பதினான்கு வயதுப் பிள்ளை எப்படி அடக்கும்? சாப்பிட வா என்று மாமியார் மூன்றாம் முறை கூப்பிடும்போது, "டீச்சர் நோட்ஸ் அனுப்பியிருக்காங்க, அப்பத்தா" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலுக்கு மேல் வீட்டில் யாரும் வாய் திறக்க முடிவதில்லை.

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு வாட்சப் போன்றவற்றில் பாடக்குறிப்பு அனுப்பக் கூடாது என்று கேரளக் கல்வித் துறையே 2024-இன் இறுதியில் சுற்றறிக்கை விட்டது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஆகாதது பதினொரு வயதுப் பிள்ளைக்கு எப்படி ஆகும் என்று விளங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பதினாறு வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் முதல் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள். அந்த நாட்டை யாரும் கட்டுப்பெட்டி என்று சொன்னதாகத் தெரியவில்லை.

கோவை வாசகருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத இன்னொரு சங்கடம் எங்களுக்கு உண்டு. எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களில் என் வயதுக்காரர்கள் பலருக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும். எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. பள்ளியிலிருந்து குழுவுக்கு வரும் அறிவிப்புகளோ பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கின்றன. பள்ளியில் மலையாளமும் கற்கும் பிள்ளைதான் அதைப் படித்து, பெற்றோருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களின் பெற்றோர் வரவும் என்று வந்த அறிவிப்பை, பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்க) கூட்டம் என்று மட்டும் படித்துக் காட்டினான் பக்கத்து வீட்டுப் பையன்; அவனுடைய அப்பா கள்ளு இறக்கும் தொழிலாளி, தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பையனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? தன்னைப் பற்றிய புகாரைத் தானே படித்துச் சொல்லும் நிலையில் அவனை வைத்தது யார்? தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதவும், பதிலை அதே மொழியில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அரசு அலுவலகத்தில் கிடைக்கும் அந்த மரியாதை, தமிழ்வழி வகுப்பு நடத்தும் பள்ளியின் அறிவிப்பில் ஏன் கிடைக்கக் கூடாது?

ஆண்டு விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி மேடையில் சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகளை ஆடவிடுவது எனக்குப் பிடிக்காது; எங்கள் கொங்குச் சீமையில் வள்ளிக்கும்மியை வயதானவர்களும் சிறுமிகளும் சேர்ந்தே ஆடுகிறார்கள், அதைச் சொல்லிக் கொடுக்கலாமே என்று கேட்டவள் நான். அது ரசனை சார்ந்த விஷயம், விட்டுவிடுகிறேன். ஆனால் மகள் ஆடியதைப் படம்பிடித்து, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பள்ளியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டதை விட முடியாது. பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், முன்பின் தெரியாத ஒருவர் கைபேசியை நீட்டி, "இது உங்க பொண்ணுதானே" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட பெற்றோரின் உரிமையை, பிள்ளை படிக்கும் பள்ளியும் மதிக்க வேண்டாமா?

பெற்றோர் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் வாதிடவில்லை. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசியை நிறுத்தி வைத்து நாடகம் பார்க்கும் வீடுகள் எங்கள் தெருவிலும் இருக்கின்றன. அந்த இடத்தில் கோவை வாசகர் சொல்வதற்கு மறுப்பில்லை. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடியும்வரை எல்லாக் கைபேசிகளும் அலமாரியில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். அதை இப்போது மீறுவது பள்ளியின் செய்தி ஒன்றுதான்.

வீட்டுப்பாடத்தை மணியடிப்பதற்குள் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பெற்றோருக்கான அறிவிப்பைத் தமிழில், காகிதத்தில், கையொப்பம் கேட்டு அனுப்பினால் அது பெற்றோரிடமே வந்து சேரும். படம் எடுத்து வெளியிடுவதென்றால் முன்கூட்டியே ஒப்புதல் கேட்கட்டும். இவற்றுக்குப் புதிய நிதியோ புதிய ஆணையமோ தேவையில்லை. வரும் பி.டி.ஏ. பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சில பெற்றோர் சேர்ந்து கேட்டிருக்கிறோம். இதே கருத்துகளைக் கல்வி அலுவலகத்துக்கும் மனுவாக எழுதி அனுப்பியுள்ளேன். மனு தமிழில்தான் இருக்கிறது. பதிலும் தமிழில் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.