குளக்கரைச் சாவடிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றிங்க

எல்லோருக்கும் வணக்கமுங்க. தூர்ந்து கிடந்த ஊர்க்குளத்தைச் சுத்தம் செய்து, கரையில் இருக்கும் பழைய சாவடியில் எங்கள் பக்கத்துக் கல் வெட்டிய கதையைப் படமும் கல்லுமாக வைத்துவிட்டோம். பொங்கலுக்குள் முடியாது என்றுதான் பலரும் சொன்னார்கள். முடிந்தது என்றால் அது உங்களால்தான்.

காங்கேயம் என்றால் காளையைத் தெரியும். படியூர்ப் பக்கத்து மண்ணுக்குள் விளையும் பெரில் என்ற ரத்தினக் கல்லைக் கேட்பவர் குறைவு. 1819–20இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் படியூரில் சுரங்கம் நடத்தி, இரண்டு வருஷத்தில் 2,196 கற்கள் எடுத்ததாகப் பழைய பதிவுகளில் இருக்கிறது. அப்புறம் குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டது. ஹீத்தின் பெயர் நிலைத்துவிட்டது. குழிக்குள் இறங்கி வெட்டியவர்களின் பெயர் எங்கே? அந்த ஆதங்கத்தில்தான் இந்த வேலையைத் தொடங்கினோம்.

அதனால் முதல் நன்றி ஊரில் இருக்கும் பாட்டி தாத்தாக்களான அமிச்சிமார்களுக்கும் அப்பாருகளுக்கும். மழை விட்ட மறுநாள் மாடு மேயும் கொறங்காட்டில் கல் பொறுக்கப் போனது, கிளுவை வேலியோரம் கூடை வைத்துக்கொண்டு குந்தியிருந்தது, யாபாரிகள் வீட்டுத் திண்ணைக்கே வந்து விலை பேசியது என்று மணிக்கணக்கில் சொன்னீர்கள். அதில் ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லையே கையில் வைத்துவிட்டார். விரல் நுனி அளவுதான், ஒரு முனை உடைந்திருக்கிறது. தண்ணீரில் நனைத்து வெயிலில் பிடித்தால் இளம்பச்சையும் நீலமும் கலந்து தெரிகிறது. யாரும் தீட்டாத கல். பூமிக்குள்ளேயே ஆறு பட்டையோடு விளைந்தது. காசு வேண்டாம், பேரும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாவடியில் நடுவில் இருப்பது அந்தக் கல்தானுங்க.

காங்கேயத்துக் கல் பட்டறைக்காரர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். குச்சி முனையில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சாணையில் பிடித்துப் பட்டை போடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கிடைத்த மணிகளையும், அரைகுறையில் நின்ற வேலைகளையும் பற்றி வரலாற்று ஆசிரியர் விளக்கியபோது, அந்தச் சாணையைப் பார்த்த பிள்ளைகளுக்கு எல்லாம் சட்டென்று புரிந்தது. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று பாடியது அந்த ஊரைத்தான் என்று சொன்னதும் வாய் மூடவில்லை. இதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பார்கள்.

குளத்து வேலைக்கு வருகிறேன். சீமைக்கருவேல முள்ளை வெட்டி, கை கிழிந்தும் விடாமல் இழுத்துப் போட்டது நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார்கள். டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு ஜேசிபி ஓட்டிய தம்பிக்கும், கம்மஞ்சோறும் மோரும் கொண்டுவந்த வீடுகளுக்கும் ரொம்ப நன்றி.

பழைய கல்லுக்குழியை மூடிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. தோட்டத்துக்காரர் அண்ணன் மூடாமல், சொந்தச் செலவில் சுற்றிலும் கம்பிவேலி போட்டார். அதுதான் சரியான முடிவு என்று உறுதியாக நினைக்கிறேன்.

சாவடிச் சாவி குளத்து மேட்டு டீக்கடையில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வாங்கித் திறந்து பாருங்கள். பழைய போட்டோவோ, உளி, சம்மட்டியோ வீட்டில் இருந்தால் கொடுங்க. போட்டோவை நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

நன்றியுடன்,
குளக்கரை ஊர் மக்கள் சார்பில்