பாதியில் நின்ற வாக்கியம்

உறையூர், திருச்சி
ஆடி முதல் வெள்ளி

அன்பு மகள் மங்கைக்கு,

அப்பா நலமாக வீடு வந்து சேர்ந்தேன். இறங்கியதும் தொலைபேசியில் "வந்துவிட்டேன், நீ தூங்கு" என்று மட்டும் சொன்னேன். அப்போது உனக்கு விடியற்காலை ஏழு மணிகூட ஆகவில்லை, குழந்தை அழும் சத்தமும் கேட்டது. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அதனால்தான் இரண்டு நாள் கழித்து, வீட்டைப் பெருக்கித் துடைத்து, மேசை முன் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மெல்பர்ன் விமான நிலைய வாசலில் என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே நீ கண் கலங்கினாய். "கொஞ்சம் கூடக் கொடுத்திருந்தால் சீக்கிரம் போகும் விமானம் கிடைத்திருக்கும் அப்பா, உங்களைப் பதினொரு மணி நேரம் சிங்கப்பூரில் உட்கார வைக்கிறேனே" என்றாய். முதலில் அந்த வருத்தத்தை விட்டுவிடு. காத்திருப்பது எனக்குப் புதிதில்லை. விருத்தாசலம் சந்திப்பில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த வருடங்களில் நான் பார்த்ததெல்லாம் கனெக்‌ஷன் ரயிலுக்காகக் காத்திருந்தவர்களைத்தான். சேலம் வண்டிக்கும் கடலூர் வண்டிக்கும் நடைமேடையில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். நாங்கள் பாதை காலி என்று லைன் கிளியர் கொடுத்து வண்டியை அனுப்புவோம். அவர்கள் எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். முப்பத்து மூன்று வருடம் அவர்களை மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தவன், இப்போது அவர்களில் ஒருவனாக இருந்து பார்த்தேன்.

மதியம் ஒன்றரைக்கு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். கைக்கடிகாரத்தில் உன் ஊர் நேரம் மூன்றரை. அம்மா குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நம் வீட்டில் அப்போது காலை பதினொன்று. சிங்கப்பூர் உனக்கு இரண்டு மணி நேரம் பின்னால், நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. கடிகாரத்தை மாற்றிவைக்க எனக்கு மனம் வரவில்லை. திருச்சியில் இறங்கும்வரை உன் நேரத்திலேயே ஓடியது.

பெட்டி நேராகத் திருச்சிக்கே வந்துவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். அடுத்த விமானத்துக்கான போர்டிங் பாஸையும் அங்கேயே வாங்கிக் கொடுத்திருந்தாய். ஆகவே கையில் இருந்தது ஒரு தோள்பையும், நம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பையும்தான். ஆஸ்திரேலிய விசா இருப்பதால் தொண்ணூற்றாறு மணி நேரம்வரை தனி விசா இல்லாமல் வெளியே போய் வரலாம் என்று விளக்கியிருந்தாய். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பவர்களை அவர்களே இலவசமாகப் பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள் என்றும் சொன்னாய். வாசல்வரை போனேன். பலகையில் தமிழில் "குடிநுழைவு" என்று எழுதியிருந்தது. நாம் குடியேற்றம் என்போம், இலங்கையில் குடிவரவு என்பார்கள். இவர்கள் குடிநுழைவு என்கிறார்கள். வேறொரு நாட்டின் வாசலில், அரசாங்கமே எழுதி வைத்த தமிழைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இதே ஊருக்குப் பிழைக்க வந்த என் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களை என் அப்பா தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். ஆனால் அந்த வாசலைத் தாண்ட எனக்குத் துணிவில்லை. தனியாக வெளியே போய், திரும்பி வரும்போது ஏதாவது தாமதமானால் என்ன செய்வது என்ற எண்ணம் விடவில்லை. உள்ளேயே இருந்துவிட்டேன்.

உள்ளே ஒரு ரயில் ஓடுகிறது. ஒரு முனையத்திலிருந்து அடுத்த முனையத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் சிறிய ரயில். முன்பக்கம் போய் நின்றால் கண்ணாடிதான் இருக்கிறது, ஓட்டுநர் இல்லை. டோக்கன் இல்லை, கொடி இல்லை, விசில் இல்லை. நடைமேடையில் ஒரு கதவு, வண்டியில் ஒரு கதவு. இரண்டும் நேருக்கு நேர் வந்து நின்ற பிறகே சேர்ந்து திறக்கின்றன. நான் பணியில் சேர்ந்தபோது, அடுத்த ஸ்டேஷன்காரர் அனுமதி கொடுத்தால்தான் எந்திரத்திலிருந்து டோக்கன் என்னும் இரும்பு உருண்டை வெளியே வரும். அதை வளையத்தில் மாட்டி ஓட்டுநர் கையில் கொடுத்தால்தான் வண்டி நகரும். ஒரு பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி என்பதுதான் அதன் உயிர். இங்கே ஆள் இல்லை என்றாலும் அந்த விதி அப்படியே இருப்பதை நின்று பார்த்தேன். முன்னால் போன வண்டி விலகும்வரை இது காத்திருந்தது. என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் நடுவே அந்த வண்டி ஜுவல் என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்து போகிறது. 2019இல் திறந்தார்களாம். கூரையில் வட்டமான திறப்பு. அதன் வழியாக நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது இதுதான். மழைத் தண்ணீரைச் சேர்த்துத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். சுற்றிலும் மரங்கள் அடுக்கடுக்காக ஏறிப் போகின்றன. வண்டி அதைக் கடக்கும் நேரம் மிகக் கொஞ்சம். அதனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான்கு முறை போய் வந்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பேரன் நடக்க ஆரம்பித்ததும் அவனை இந்த வழியாகத்தான் ஊருக்கு அழைத்து வர வேண்டும். அந்தக் கண்ணாடியில் அவன் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்ப்பதை நான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது. கதவைத் திறந்ததும் குளிர் போய், நம் ஊர் மழைக்காலத்துப் புழுக்கம் முகத்தில் அடித்தது. அன்னாசித் துண்டுகளை வெட்டி வைத்திருந்தார்கள், பூச்சிகள் அவற்றில் மொய்த்திருந்தன. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கூட்டுப்புழுக்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூடு கீழ்ப்பக்கம் கீறியது. முதலில் கால்கள் வந்தன. பிறகு ஈரத் துணியைப் பிழிந்து போட்டதுபோல் சுருங்கிய சிறகுகள் வந்தன. அது தன் காலி கூட்டையே பிடித்துக்கொண்டு தொங்கியது. சிறகு விரிய வெகுநேரம் ஆயிற்று. வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள். நான் அசையாமல் நின்றேன். எங்கிருந்தோ அதே நிறத்தில் இன்னொன்று வந்து என் மஞ்சள் பையின் காதில் உட்கார்ந்தது. பையை இறக்கி வைக்க மனமில்லாமல் கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லவே வேண்டியதில்லை, நீ எத்தனையோ முறை பார்த்திருப்பாய். இனிமேல் எழுதப்போவதுதான் நான் சொல்ல நினைத்தது.

ஆறு மணிக்கு ஒரு ஓரமாக உட்கார்ந்து நீ கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தேன். கைகழுவிவிட்டுத் திரும்பி நடந்தபோது, என் காலடிச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கீழே பார்த்தேன். தரை முழுக்கக் கம்பளம். பக்கத்தில் ஒரு பெண் பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு போனாள், சக்கரமும் சத்தம் போடவில்லை.

மங்கை, 2012 பிப்ரவரியில் நீ முதல் முறையாகப் போனபோது இதே சிங்கப்பூரிலிருந்து என்னைக் கூப்பிட்டாய். உனக்கு இருபத்து மூன்று வயது. அதற்கு முன் சென்னையைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. எனக்கு அன்று இரவுப் பணி. மணி பதினொன்று இருக்கும், உனக்கு ஒன்றரை. "அப்பா, சிங்கப்பூர் வந்துவிட்டேன். ஒன்பது மணி நேரம் இங்கேதான். அப்பா, இங்கே தரை முழுக்கக் கம்பளம்…" என்று ஆரம்பித்தாய். லூப் லைனில் ஒரு சரக்கு வண்டி நின்றிருந்தது. வண்டிகளின் போக்குவரத்தைக் கவனிக்கும் கண்ட்ரோல் அறையிலிருந்து வரும் கண்ட்ரோல் போன் அடித்துக்கொண்டிருந்தது. "பாஸ்போர்ட் பத்திரம், பெட்டி பத்திரம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த வண்டியை அனுப்பிவிட்டு உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மறுநாள் நீ போய்ச் சேர்ந்த செய்தி வந்ததும், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நிம்மதியாகிவிட்டேன். ஒன்பது மணி நேரம் என்று நீ சொன்னது அன்று எனக்கு வெறும் எண். அதே கம்பளத்தில் நின்றபோதுதான் அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரிந்தது. என் வயதில், என் அனுபவத்தில், பகல் வெளிச்சத்தில், எனக்கே இரண்டு முறை நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு முறையும் போர்டிங் பாஸைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நள்ளிரவில் உன்னைப் போன்ற சின்னப் பெண் என்ன செய்திருப்பாள்? அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய்? தூங்கினாயா, பெட்டியைக் கட்டிக்கொண்டு விழித்தே இருந்தாயா? இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். நீ டிக்கெட்டுக்காக அழுதாய்.

இரவு பத்தரைக்கு திருச்சி விமானத்தின் வாயிலுக்குப் போனேன். அங்கே வந்ததும் ஊர் வந்துவிட்டதுபோல் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்தான். மைலோ டின், கோடாலித் தைலம், மிட்டாய்ப் பொட்டலம் என்று பைகள் பிதுங்கின. என் பக்கத்தில் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் உட்கார்ந்தார். மடியில் ஒரு ரைஸ் குக்கர், அட்டைப் பெட்டியோடு. பெட்டியில் எடை கூடிவிட்டதாம், துணிமணிகளில் பாதியை நண்பர்களிடம் விட்டுவிட்டு இதைக் கையில் எடுத்துக்கொண்டாராம். "அம்மாவுக்குக் கை நடுங்குகிறது ஐயா, சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டுவிட்டார்கள்" என்றார்.

ஆறு வருடமாகச் சிங்கப்பூரில் வேலை. 2020இல் தங்குவிடுதியை விட்டு வெளியே வர முடியாமல் மாதக்கணக்கில் அடைந்து கிடந்ததையும் சொன்னார். அதன் பிறகு இந்த விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தைப் புதுப்பித்தபோது, 2023 நவம்பரில் முழுதாகத் திறக்கும்வரை, கூரைக்கு மேலே கேபிள் இழுத்தவராம். "பயணியாக உள்ளே வந்தது இதோடு மூன்றாவது முறைதான் ஐயா" என்று சொல்லி அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். விளக்குகளும் வெள்ளைப் பலகைகளும்தான் தெரிந்தன. பட்டாம்பூச்சித் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. அடுத்த முறை அம்மாவையே அழைத்துவந்து காட்டுகிறேன் என்றார். அவர் அதைச் செய்ய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். திருச்சியில் புது முனையத்துச் சுவரில் கோபுரச் சித்திரங்களைப் பார்த்ததும் அவர் குக்கரைக் கீழே வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டார்.

அம்மா ஐப்பசியில் திரும்பும்போது செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடு. நடக்க முடியும் என்று அவள் சொல்வாள், கேட்காதே. முனையங்களுக்கு நடுவே அவள் முட்டி தாங்காது. அவளுக்கு ஐந்தாறு மணி நேரம் போதும். இரண்டு மணி நேர இடைவெளியும் வேண்டாம், பதற்றப்படுவாள். கம்பளிச் சால்வை கையிலேயே இருக்கட்டும், குளிர் அதிகம். குடிநீர்க் குழாய் எங்கும் இருக்கிறது. ஆனால் வாயிலுக்குப் பக்கத்தில் மறுபடியும் சோதனை இருப்பதால் பாட்டிலைக் காலி செய்துவிட்டுப் போகச் சொல். ஒவ்வொரு விமானத்துக்கும் அறிவிப்பு வரும் என்று நான் காது கொடுத்துக் காத்திருந்தேன். வரவில்லை. பலகையைப் பார்க்க அவளைப் பழக்கு. கால் பிடித்துவிடும் இயந்திரம் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள், அதில் அவளை உட்கார வை என்று நாற்காலி தள்ளும் ஆளிடம் சொல்லச் சொல். பட்டாம்பூச்சித் தோட்டத்துக்கும் அவளைக் கட்டாயம் அனுப்பு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரனுக்கு ஆயிரம் முத்தம். வாசல் முருங்கை காய்த்துத் தொங்குகிறது, பறித்துக் கொடுக்கத்தான் ஆளில்லை.

அன்று நீ ஆரம்பித்த வாக்கியத்தை எனக்கு முடித்துச் சொல்ல வேண்டும் மங்கை. தரை முழுக்கக் கம்பளம் என்றாய். அதற்குப் பிறகு என்ன சொல்ல வந்தாய்? மறந்திருந்தால், அந்த இரவில் நினைவிருப்பது எதுவானாலும் சரி. எழுது, அல்லது கூப்பிடு. குழந்தை தூங்கிய பிறகு எந்த நேரமானாலும் பரவாயில்லை. இப்போது என் மேசையில் கண்ட்ரோல் போன் இல்லை.

உன்
அப்பா