நற்கிரியையை லூத்தர் ஒதுக்கிவிட்டாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் விசுவாசத்தையும் கிரியையையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் ‘விசுவாசம் மட்டும் போதும்’ என்று சொல்லி 16 ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் நற்கிரியைகளை, அதாவது நற்செயல்களை, ஒதுக்கிவிட்டார் என்றும், இன்றைய சபைகளின் சோம்பலுக்கு அதுதான் காரணம் என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதை அப்படியே விட மனம் வரவில்லை. நான் திருகோணமலை மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன். அம்மாவின் பக்கம் தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் குடும்பம். இரண்டு வீட்டுச் சாப்பாடும் எனக்குப் பழக்கம்.

முதலில், இந்தக் குற்றச்சாட்டு புதியதல்ல. 1530 ஆம் ஆண்டு ஆனி 25 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் வாசிக்கப்பட்ட, லூத்தர் பக்கத்தாரின் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் 20 ஆவது பிரிவு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? நற்கிரியைகளை நாங்கள் தடுக்கிறோம் என்று எங்கள்மேல் பொய்ப்பழி சுமத்துகிறார்கள் என்றுதான். அந்தக் காலத்துப் பிரசங்கங்களில் விசேஷ உபவாசங்கள், யாத்திரைகள், செபமாலை, புனிதர் வணக்கம் என்பவைதான் பெரிதாகப் பேசப்பட்டன. நாங்களோ பத்துக் கட்டளைகளைப் பற்றியும், ஒவ்வொருவரும் தத்தம் நிலையிலும் தொழிலிலும் செய்யவேண்டியதைப் பற்றியும் போதிக்கிறோம் என்று அந்தப் பிரிவு விளக்குகிறது. 6 ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. விசுவாசம் நல்ல கனிகளைத் தரவே வேண்டும், தேவன் கட்டளையிட்டதைச் செய்தே ஆகவேண்டும். ஆனால் அதை வைத்து நீதிமான் என்ற பெயரை வாங்கிவிடலாம் என்று நம்பாதே என்கிறது.

இதுதான் விஷயம். லூத்தர் கிரியையை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. இரட்சிப்பின் விலை என்ற இடத்திலிருந்து எழுப்பி, அயலவனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். தேவனுக்கு நம்முடைய உபகாரம் தேவையில்லை; பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தேவை. லைஸ்னிக் என்ற சிற்றூர் 1523 இல் ஏழைகளுக்கென்று பொதுப் பணப்பெட்டி ஏற்படுத்தியபோது அந்த விதிமுறைக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தவரும் அவரே. நற்கிரியை வேண்டாம் என்றவர் செய்கிற காரியமா இது?

பரிசுத்தமாகுதலைப் பற்றியும் கட்டுரையில் ஒரு குழப்பம் இருக்கிறது. நீதிமானாக்கப்படுதல் (மன்னிப்புப் பெற்று தேவனால் ஏற்கப்படுவது) தேவனுடைய பங்கு, பரிசுத்தமாகுதல் (வாழ்க்கை புதிதாவது) நம்முடைய பங்கு என்று பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறார் கட்டுரையாளர். லுத்தரன் போதனை அப்படியல்ல. 1529 இல் வந்த லூத்தரின் போதனை நூலான சிறிய ஞானோபதேசத்தில், விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்குத் தலைப்பே பரிசுத்தமாக்கப்படுதல்தான். அதற்கு லூத்தர் தரும் விளக்கம், என் சொந்தப் புத்தியினாலோ பலத்தினாலோ நான் கிறிஸ்துவை விசுவாசிக்கவும் அவரிடம் வரவும் முடியாது என்று தொடங்கி, அழைத்ததும் பரிசுத்தமாக்குவதும் பரிசுத்த ஆவியானவரே என்று போகிறது. இரண்டுமே தேவன் செய்வதுதான். வித்தியாசம் என்னவென்றால், மன்னிப்பு இன்றைக்கே முழுமையானது. பரிசுத்தம் தொடங்கியிருக்கிறது, நாளுக்கு நாள் வளர்கிறது, சாகும்வரை முடியாது. பெரிய ஞானோபதேசத்தில் அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார், இப்போது நாம் பாதிதான் பரிசுத்தர் என்று.

லூத்தர் இறந்த பிறகு அவருடைய ஆட்களே இதில் சண்டை போட்டார்கள். இரட்சிப்புக்கு நற்கிரியை அவசியம் என்றார் கியோர்க் மேஜர். அதைக் கேட்டுக் கொதித்துப்போன அம்ஸ்டோர்ஃப், நற்கிரியை இரட்சிப்புக்குக் கேடு என்றே எழுதிவிட்டார்! கோபம் வந்தால் இறையியலாளர்களும் நம்மைப் போலத்தான். லுத்தரன்களின் 1577 இன் இணக்க அறிக்கை இரண்டு பேச்சையும் தள்ளியது. கிரியை அவசியம்தான், இரட்சிப்பைச் சம்பாதிப்பதற்காக அல்ல என்று முடிவு செய்தது.

கட்டுரையாளர் கோபப்படும் அந்தச் சோம்பல் லூத்தருக்கும் தெரிந்ததுதான். கிருபை இருக்கிறது, இனிக் கட்டளை எதற்கு என்று பேசியவர்களை அவர் 1539 இல் பிடித்து உலுக்கினார். இவர்கள் அருமையான ஈஸ்டர் பிரசங்கிகள், ஆனால் ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் என்று கேலி செய்தார். மன்னிப்பை மட்டும் சொல்லிவிட்டு, மனிதனைப் புதிதாக்கும் ஆவியானவரைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பது அவருடைய முறைப்பாடு. எங்கள் பக்கத்துப் பிரசங்கபீடங்களில் ஏறுகிற சிலருக்கும் இதை வாசித்துக் காட்டலாம்.

கிரியையை வலியுறுத்தும் வேதாகமத்தின் யாக்கோபு நிருபத்தை அவர் வைக்கோல் நிருபம் என்றாரே என்று கேட்பார்கள். ஆம், தம்முடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் 1522 முன்னுரையில் சொன்னார். பிந்திய பதிப்புகளில் அந்த வார்த்தை இல்லை. ‘கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது’ என்று யாக்கோபு எழுதியதை லுத்தரன் சபை மறுத்ததும் இல்லை.

சரி, இதெல்லாம் பழைய ஜெர்மனிக் கதை, திருகோணமலைக்கு என்ன என்று கேட்டால், இங்கேதான் இது அன்றாட விஷயம். உப்புவெளிப் பக்கத்து ஒரு வீட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு இளம் பெண் வாசலிலேயே தோட்டைக் கழற்றி, கைலேஞ்சியில் முடிந்து கைப்பைக்குள் வைத்துவிட்டு உள்ளே வந்தார். தோடு போடாதவள், படம் பார்க்காதவள், மாதம் தவறாமல் உபவாசம் இருப்பவள் என்று அவரைப் பற்றி எல்லோருக்கும் சாட்சி சொன்னார்கள். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. சாட்சி சொன்னவர்களில் ஒருவர் மூன்று கூலியாட்களுக்குச் சம்பளம் இழுத்தடிக்கிறார் என்பது அந்த அறையில் பலருக்கும் தெரியும். அதைப் பற்றி அங்கே பேச்சில்லை. பரிசுத்தத்தின் அளவுகோலில் தோடு இருந்தது, கூலி இல்லை.

அதே தெருவில் ஒரு கடற்றொழிலாளியின் மனைவி இருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை விடியற்காலையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கீழே விரித்த துணியை உருவி எடுத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, புண் வரக்கூடாதென்று மறுபக்கம் திருப்பிவிட்டு, அப்புறம்தான் அடுப்படிக்குப் போவார். “கூட்டத்துக்கு வர நேரமில்லை ஐயா, ஆண்டவருக்கென்று நான் ஒன்றும் செய்யவில்லை” என்று என்னிடம் சொன்னார். எனக்கு நினைவுக்கு வந்தது 1522 இல் லூத்தர் திருமண வாழ்வைப் பற்றி எழுதிய ஒரு பகுதி. பிள்ளையின் அழுக்குத் துணியை அலசுகிற தகப்பனைப் பார்த்து ஊர் சிரிக்கலாம்; தேவனோ தம் தூதர்களோடு அவனைப் பார்த்து மகிழ்கிறார், அவன் துணி அலசுகிறான் என்பதற்காக அல்ல, அதை விசுவாசத்தோடு செய்கிறான் என்பதற்காக என்கிறார். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். “அப்படியா எழுதியிருக்கிறார்?” என்று கேட்டுவிட்டு, துணியைக் காயப்போடப் போய்விட்டார்.

மெதடிஸ்தர்களாகிய நாங்களும் இதில் வெளியாட்கள் அல்ல. 1738 வைகாசி 24 இரவு, இலண்டன் அல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் உள்ளம் வினோதமாய் அனல்கொண்டது என்று சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அப்போது அங்கே வாசிக்கப்பட்டது என்ன என்பதைப் பலர் சொல்வதில்லை. ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரைதான் அது. விசுவாசம் உயிருள்ளது, சுறுசுறுப்பானது, நன்மை செய்யவேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே செய்துவிட்டிருக்கும் என்று எழுதப்பட்டிருப்பதும் அதே முன்னுரையில்தான். பிற்பாடு வெஸ்லி, இந்த வாழ்விலேயே அன்பில் பூரணமாக முடியும் என்று போதித்தார். லுத்தரன்கள் அதை ஏற்கமாட்டார்கள். விசுவாசி கடைசிவரை நீதிமானும் பாவியும்தான் என்பார்கள். இந்த இடத்தில் நான் அம்மாவின் பக்கம். பூரணமடைந்தேன் என்று சொன்னவர்களோடு ஒரு கமிட்டியில் இருந்து பார்த்தால் உங்களுக்கும் புரியும்.

கத்தோலிக்கரும் லுத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் 1999 ஐப்பசி 31 அன்று அதே அவுக்ஸ்புர்க்கில் கையெழுத்திட்டார்கள். நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால்தான் தேவன் நம்மை ஏற்கிறார். ஆவியானவர் நம்மைப் புதுப்பித்து நற்கிரியைக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006 இல் உலக மெதடிஸ்த பேரவையும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் மிசூரி ஆயம் போன்ற சில லுத்தரன் சபைகள் ஒப்பவில்லை என்பதும் உண்மை. ஆனால் நற்கிரியை வேண்டாம் என்பது அவர்களுடைய வாதமும் அல்ல.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு வெளியாகும் என்று போட்டிருக்கிறீர்கள். இடமிருந்தால் அதன் பக்கத்தில் அவுக்ஸ்புர்க் அறிக்கையின் 6 ஆவது பிரிவையும் வெளியிடுங்கள். சின்னப் பகுதிதான், ஒரு பெட்டிச் செய்தி அளவுகூட வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.