பரவைக்கு இடையின 'ர'

அன்பு மகள் மீனாவுக்கு,

பிள்ளைக்குப் பரவை என்று பெயர் வைக்கப் போகிறோம் என்று நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். ஆனால் தமிழில் வல்லின 'ற' போடலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாயே, அது மட்டும் வேண்டாம் கண்ணு. அப்படி எழுதினால் அவள் பறவையாகிவிடுவாள். அதுவும் அழகுதான், ஆனால் அது வேறு பெயர். இடையினம் போட்டால்தான் கடல்.

திருவாரூரில் சுந்தரர் மணந்தவர் பரவையார். அதே கோயில் கல்வெட்டில் இன்னொரு பரவையும் இருக்கிறார்: ராஜேந்திர சோழனின் அணுக்கியார், அதாவது நெருங்கிய துணைவி, பரவை நங்கை. அரசனும் அவரும் நின்று கும்பிட்ட இடம் தெரிவதற்காக அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்தார்களாம். அரசன் பக்கத்தில் அவர் நின்ற இடத்துக்கும் ஒரு விளக்கு! அதைப் படித்த நாளிலிருந்து இந்தப் பெயர் என் மனத்தில் இருக்கிறது. அந்த ராஜேந்திரனின் கப்பல்கள்தான் 1025ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்துக்கு, நம் கெடாவுக்கு, வந்தன. சின்ன வயதில் பட்டர்வொர்த் ஃபெரியில் ஏறியதும் ஜெராய் மலையைக் காட்டச் சொல்லி அடம்பிடிப்பாயே, அது கடாரத்து மலை. அந்தக் கடலைப் பார்த்து வளர்ந்தவள் நீ. உன் மகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

பிறப்புப் பத்திரத்தில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. ஆங்கில எழுத்தில் ர, ற வேறுபாடு தெரியட்டும் என்று 'ஆர்' இரண்டு போட வேண்டாம், ஒன்றே போதும். முடிவில் 'ஏ, ஒய்' அல்ல, 'ஏ, ஐ'. சுங்கை, பந்தாய் எல்லாம் மலாயில் அப்படித்தானே முடிகின்றன? கோலாலம்பூரில் எந்த ஆசிரியர் வாசித்தாலும் பெயர் சிதையாது.

ஓர் எழுத்துக்கு இவ்வளவா என்று நினைக்காதே. தாத்தா எனக்குத் தங்கம் என்று பெயர் சொன்னார். எழுதியவர் ஒரு 'ஜி'யை விட்டுவிட்டார். பள்ளியிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் அறுபது வருடமாக நான் தனம். தாத்தா வைத்த பெயரால் என்னைக் கூப்பிட இப்போது உன் பெரியம்மா ஒருவர்தான் இருக்கிறார்.

படிவத்தை நிரப்பியதும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா
பினாங்கு